பத்தொன்பது ஜெயிச்சு முப்பத்தொண்ணு தோத்த டீம்

2019 மே 24, வெள்ளிக்கிழமை காலையில நான் ஆபீஸ் போறேன், எங்க டீம்ல இருக்கிற பெரியவர் காபி மெஷின் பக்கத்துல கப்பை கையில வச்சுக்கிட்டு குடிக்காம நிக்கிறார். முந்தின நாள் நியூயார்க்ல, மெட்ஸ் டீம்கிட்ட எங்க ஊர் பேஸ்பால் டீமுக்கு நாலாவது மேட்சும் போச்சு. நாலுக்கு நாலு. மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ்ல எட்டாவது வரைக்கும் லீட்ல இருந்த மேட்ச் அது, மெட்ஸோட கார்லோஸ் கோமஸ் மூணு ரன் ஹோமர் (நம்ம சிக்ஸர் மாதிரி, பந்து நேரா எல்லைக்கு வெளிய) ஒண்ணு அடிச்சு தட்டி பறிச்சுட்டு போயிட்டார். வாஷிங்டன் நேஷனல்ஸ் அன்னைக்கு வரைக்கும் 50 மேட்ச், 19 வெற்றி, 31 தோல்வி. இனிமே இந்த வருஷம் அவ்ளோதான்னு டிவில பேசுற எல்லாரும் சொல்லிட்டாங்க, மேனேஜர் டேவ் மார்ட்டினஸை வீட்டுக்கு அனுப்புங்க, ஸ்டார் ஆளுங்க ரெண்டோனை வித்துடுங்க, ஷெர்சரை வித்துடுங்க, அடுத்த வருஷத்துக்கு சின்ன பசங்களை வாங்குங்கன்னு ஆளாளுக்கு ஒரு லிஸ்ட்.

நான் அப்போ அமெரிக்கா வந்து மூணாவது வருஷம். வர்ஜீனியாவுல ஹெர்ண்டன் பக்கம் வீடு. பேஸ்பால் பத்தி எனக்கு தெரிஞ்சதெல்லாம் அந்த பெரியவர் சொல்லிக் குடுத்ததுதான். நான் அவர்கிட்ட சும்மா ஆறுதலா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பாத்துட்டு சொன்னார், இன்னும் 112 மேட்ச் இருக்கு, இன்னைக்கு சாயங்காலம் மார்லின்ஸ் வராங்க, நீ வரியான்னு.

போனேன். ஜெயிச்சாங்க. அதுல இருந்து சீசன் முடியுற வரைக்கும் 74 ஜெயிச்சு 38தான் தோத்தாங்க, கணக்கு போட்டு பாருங்க, மொத்தம் 93-69. அக்டோபர் 30 ராத்திரி ஹூஸ்டன்ல வேர்ல்ட் சீரிஸ், அதாவது ஃபைனல் சீரிஸ், கப்பை தூக்கினாங்க. வெற்றியை விட தோல்வி 12 அதிகமா இருந்த பாதாளத்துல கிடந்துட்டு கப் வாங்கின டீம் இவங்களுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணுதான், 1914 பாஸ்டன் பிரேவ்ஸ். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு அது நடந்து.

இந்த சீசனை பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டே இருந்தேன். எல்லாரும் அக்டோபரை பத்தி எழுதிட்டாங்க. என் கருத்து என்னன்னா அந்த கப்போட பாதி மே மாசத்துலயே ஜெயிச்சாச்சு, யாரையும் தூக்காம விட்ட அன்னைக்கே. ஜெனரல் மேனேஜர் மைக் ரிஸ்ஸோ மார்ட்டினஸை டிஸ்மிஸ் பண்ணல. டீமை கலைக்கல. ஜூலை 31 டிரேட் கெடு வந்தப்போ எல்லாரும் விக்கச் சொன்ன ஆளு, வாங்கினார், அதுவும் பெரிய பேரு இல்ல, டேனியல் ஹட்ஸன், ரோனிஸ் எலியாஸ், ஹன்டர் ஸ்ட்ரிக்லண்ட்னு மூணு ரிலீவர். ரிலீவர்னா கடைசி இன்னிங்ஸ்கள்ல வந்து மேட்சை முடிச்சு குடுக்கிற பிட்ச்சர்கள், அதாவது பந்து போடுறவங்க, அந்த கூட்டத்துக்கு பேரு புல்பென், எங்க புல்பென் அந்த வருஷம் படுமோசம், ஈ.ஆர்.ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியா விடுற ரன்) 5.6-க்கு மேல. ஏழு இன்னிங்ஸ் நல்லா ஆடிட்டு எட்டாவதுல ஒருத்தரை கொண்டு வந்தா வயித்துல புளியை கரைக்கும். அந்த ஹட்ஸன்தான் கடைசியில வேர்ல்ட் சீரிஸோட கடைசி பந்தையும் போட்டார், அதுக்கு அப்புறம் வரேன்.

மார்ட்டினஸ் தினமும் பசங்ககிட்ட சொன்னது ஒண்ணுதான்னு அப்புறம் எல்லா பேட்டியிலயும் வந்துச்சு, இன்னைக்கு 1-0 ஆகு. அதாவது நேத்து கணக்கு கிடையாது, இன்னைக்கு ஒரு மேட்ச், அதை ஜெயி. இது ஏதோ சுவத்துல ஒட்டுற வசனம் மாதிரி இருக்கும், ஆனா பேஸ்பால்ல இது நிஜமான வேலை முறை. ஆறு மாசத்துல 162 மேட்ச், கிட்டத்தட்ட தினமும் மேட்ச். நம்ம கிரிக்கெட் மாதிரி ஒரு தோல்விய வச்சு ஒரு வாரம் பேசிட்டு இருக்க முடியாது, மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு திரும்ப தொப்பி போட்டுக்கிட்டு கிரவுண்டுக்கு போகணும்.

ஏன் அவ்ளோ கீழ போனாங்கன்னா, வருஷமே கெட்டு ஆரம்பிச்சுது. பிரைஸ் ஹார்ப்பர்னு டீமோட முகமா இருந்த பையன், 13 வருஷம் 330 மில்லியன் டாலர்னு பிலடெல்பியாவுக்கு போயிட்டார். ஏப்ரல் 2 அன்னைக்கு அந்த டீம் சட்டையோட முதல் தடவை நம்ம கிரவுண்டுக்கு வந்து, சனமெல்லாம் கூவ கூவ, ஒரு பெரிய ஹோமர் அடிச்சுட்டு போனார். அதே ராத்திரி எங்க ஷார்ட்ஸ்டாப் (ரெண்டாவது மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்கிற ஃபீல்டர்) டிரே டர்னர் பன்ட் அடிக்க போய் வலது கை ஆள்காட்டி விரல் உடைஞ்சு ஒன்றரை மாசம் வெளிய. பன்ட்னா பேட்டை வீசாம சும்மா பிடிச்சு பந்தை தொட்டு விடுறது. அந்த பன்ட்தான் ஜூன்லயும் வந்துச்சு, 18-ந்தேதி பயிற்சியில மேக்ஸ் ஷெர்சர் பன்ட் பழகும்போது பந்து பேட்ல பட்டு எகிறி மூக்குல அடிச்சு மூக்கெலும்பு உடைஞ்சுருச்சு.

ஷெர்சர் டீமோட நம்பர் ஒன் பிட்ச்சர். ஒரு கண்ணு நீலம், ஒரு கண்ணு பழுப்பு, பிறவியிலயே. மறுநாள் 19-ந்தேதி ஆட வந்தார். மழையில நின்ன மேட்சோட சேர்த்து அன்னைக்கு ரெண்டு மேட்ச், பிலடெல்பியா கூட. ராத்திரி மேட்ச்ல வலது கண்ணுக்கு கீழ கறுத்து ஊதா நிறத்துல வீங்கி போய், அந்த மூஞ்சியோட ஏழு இன்னிங்ஸ், 10 ஸ்ட்ரைக் அவுட் (மூணு ஸ்ட்ரைக் ஆனா பேட்டர் அவுட்), ஒரு ரன் விடல. நம்ம ஆளுங்களுக்கு சொல்லணும்னா அதே வருஷம் மே மாசம் ஐபிஎல் ஃபைனல்ல வாட்சன் முட்டியில ரத்தத்தோட ஆடினாரே, அந்த மாதிரி. எனக்கு அன்னைக்குதான் இந்த டீம் மேல நிஜமா ஒரு பாசம் வந்துச்சு.

அதே ஜூன் 19 இன்னொரு விஷயமும் நடந்துச்சு. ஜெரார்டோ பாரானு ஒரு ஆளு. வெனிசுவேலாக்காரர். சான் பிரான்சிஸ்கோ டீம் வேண்டாம்னு விட்டதுக்கப்புறம் மே மாசம்தான் இங்க வந்தார். பெரிய பேட்டிங் எல்லாம் இல்ல, அந்த சமயத்துல 22 தடவையா என்னமோ பேட் பிடிச்சும் ஒரு ஹிட்டு கூட வராம தவிச்சுட்டு இருந்தார். ஒவ்வொரு பேட்டரும் களத்துக்கு நடந்து வரும்போது அவங்க பிடிச்ச பாட்டு ஒண்ணு ஸ்பீக்கர்ல போடுவாங்க. அவர் அன்னைக்கு பாட்டை மாத்தினார். வீட்ல அவரோட குட்டிப் பொண்ணு நாள் முழுக்க கேட்டுட்டு இருக்கிற பாட்டு, பேபி ஷார்க். மாத்தின அன்னைக்கே ஹோமர் அடிச்சார். அவ்ளோதான். அதுக்கப்புறம் அவர் பேட்டை எடுத்துக்கிட்டு வரும்போதெல்லாம் மொத்த ஸ்டேடியமும் எந்திரிச்சு நின்னு ரெண்டு கையையும் சுறா வாய் மாதிரி மேலயும் கீழயும் தட்டுவாங்க, கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு ஆபீஸ்ல இருந்து நேரா வந்த வக்கீல்ங்க, தாத்தா பாட்டிங்க, எல்லாரும். டீம்ல மத்தவங்களும் பிடிச்சுக்கிட்டாங்க, சிங்கிள் அடிச்சா, அதாவது ஒரு பேஸ் ஓடினா, அங்க நின்னு ரெண்டு விரலால குட்டி சுறா, ரெண்டு பேஸ் ஓடுற டபுள் அடிச்சா கொஞ்சம் பெருசு, ஹோமர்னா முழுக்கை சுறா.

எங்க பாப்பாவுக்கு அப்போ மூணரை வயசு. வீட்ல அந்த பாட்டை ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்டு என் வீட்டம்மா போனையே ஒளிச்சு வச்சிருந்த காலம். ஜூலைல ஒரு ஞாயித்துக்கிழமை மூணு பேரும் போனோம், மெட்ரோல சில்வர் லைன் பிடிச்சு லாஃபான்ட் பிளாசாவுல கிரீன் லைன் மாறி நேவி யார்டுல இறங்கி. பாரா வந்தார், பாட்டு வந்துச்சு, சுத்தி எல்லாரும் கை தட்டினதும் பாப்பா என் தோள்ல உக்காந்துக்கிட்டு, இது என் பாட்டு, இவங்களுக்கு எப்படி தெரியும்னு கேட்டா. அன்னைல இருந்து வீட்ல எல்லாருமே நேஷனல்ஸ்தான்.

பெரியவரை பத்தி சொல்லணும். பேரு வேண்டாம், அவருக்கு பிடிக்காது. வாஷிங்டன்லயே பிறந்து வளர்ந்தவர். அவர் எனக்கு பேஸ்பால் சொல்லிக் குடுத்தது டிவி முன்னாடி உக்காந்து இல்ல, பென்சில் நோட்டு வச்சுதான். ஸ்கோர் எழுதுறது. ஒவ்வொரு பேட்டருக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள்ள வைரம் மாதிரி ஒரு சதுரம். ஆடுற ஒன்பது பேருக்கும் ஒரு நம்பர் உண்டு, பிட்ச்சர் 1, கேட்ச்சர் 2, ஷார்ட்ஸ்டாப் 6, இப்படி. ஷார்ட்ஸ்டாப் எடுத்து செகண்ட் பேஸ்மேனுக்கு எறிஞ்சு அவர் ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிஞ்சு ரெண்டு பேர் அவுட்டுனா 6-4-3ன்னு எழுதணும். ஓடி ரன் எடுத்து வந்துட்டா அந்த சதுரத்தை முழுசா பென்சிலால நிரப்பணும். ஸ்ட்ரைக் அவுட்டுக்கு இங்கிலீஷ் கே (K). அதுலயும் பேட்டை வீசி கோட்டை விட்டா நேர் கே, வீசாம பாத்துக்கிட்டே நின்னு அவுட் ஆனா கண்ணாடில பாத்த மாதிரி திருப்பி போட்ட கே. எங்கப்பா சேப்பாக்கம் டெஸ்ட் மேட்ச் கமெண்ட்ரி ரேடியோல கேட்டுக்கிட்டே ரூல் போட்ட நோட்ல ஸ்கோர் எழுதுவார், அதை பாத்து வளர்ந்ததாலயோ என்னவோ எனக்கு இது ரொம்ப பிடிச்சுப் போச்சு. எழுதிக்கிட்டே பாக்கும்போது ஒரு பந்தை கூட விட முடியாது.

அவர் 1971-ல சின்னப் பையன். அப்போ வாஷிங்டன்ல செனட்டர்ஸ்னு டீம். அதுக்கு முன்னாடியும் செனட்டர்ஸ்தான், அது 1960 சீசன் முடிஞ்சு மினசோட்டாவுக்கு போயிடுச்சு, பதிலுக்கு புதுசா வந்த இன்னொரு செனட்டர்ஸும் 1971 முடிஞ்சு டெக்ஸஸுக்கு கிளம்புது. செப்டம்பர் 30, ஆர்.எஃப்.கே ஸ்டேடியத்துல கடைசி மேட்ச், யாங்கீஸ் கூட. செனட்டர்ஸ் 7-5 லீட்ல இருக்காங்க, ஒன்பதாவது இன்னிங்ஸ், ரெண்டு அவுட் ஆயிருச்சு, இன்னும் ஒரே ஒரு அவுட். ஜனங்க தாங்க மாட்டாம கிரவுண்டுக்குள்ள இறங்கிட்டாங்க. பேஸை பிடுங்கினாங்க, புல்லை பிடுங்கினாங்க. ஆட்டத்தை தொடர முடியாம யாங்கீஸ் ஜெயிச்சதா அறிவிச்சுட்டாங்க. இவரு அப்பா கூட போயிருந்தார். அந்த ஸ்கோர் அட்டை இன்னும் அவர்கிட்ட இருக்கு, ஒரு தடவை ஆபீஸுக்கு கொண்டு வந்து காட்டினார், மஞ்சள் பூத்து ஓரமெல்லாம் உதிர்ந்து போய். ஒன்பதாவது இன்னிங்ஸ்ல ரெண்டு கட்டம் எழுதியிருக்கு. மூணாவது கட்டம் காலி.

அதுக்கப்புறம் 33 வருஷம் அந்த ஊர்ல டீமே இல்ல. 2005-லதான் கனடாவுல மான்ட்ரியால் எக்ஸ்போஸா இருந்த டீம் இங்க வந்து நேஷனல்ஸ் ஆச்சு. (மான்ட்ரியால்காரங்களுக்கு அது எவ்ளோ வலிச்சிருக்கும்னு இவர் அடிக்கடி சொல்வார், தனக்கு நடந்ததேதான்னு.) அந்த வருஷம் புது பசங்களை எடுக்கிற டிராஃப்ட்ல இவங்க முதல்ல எடுத்த பையன் ரயன் ஸிம்மர்மேன், 2019-லயும் ஆடிட்டு இருந்தார், 35 வயசுல, ஃபர்ஸ்ட் பேஸ்ல. டீம் வாங்குன அத்தனை அடியும் அவர் மேல விழுந்தது. 2012, 2014, 2016, 2017, நாலு தடவை பிளேஆஃப் போய் நாலு தடவையும் முதல் ரவுண்டுலயே அவுட். அதுல 2012 கொடுமை, கடைசி மேட்ச்ல 6-0ன்னு லீட் எடுத்துட்டு, ஒன்பதாவது இன்னிங்ஸ்ல ஒரே ஒரு ஸ்ட்ரைக் தூரத்துல இருந்து, செயின்ட் லூயிஸ்கிட்ட 9-7 தோத்தாங்க. அந்த வருஷம்தான் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க்கை கை ஆபரேஷன் ஆகி வந்த ஆளுன்னு செப்டம்பரோட நிறுத்தி வச்சு பிளேஆஃப்ல ஆட விடல. அதை ஊரே ஏழு வருஷம் பேசிச்சு.

2019 டீம் வயசான டீம். லீக்லயே வயசான டீம். ஷெர்சர் அவங்களை ஸ்பானிஷ்ல லாஸ் வியேஹோஸ்னு கூப்பிடுவார், கிழவங்கன்னு அர்த்தம். ஹோவி கென்ட்ரிக் 36, ரிலீவர் ஃபெர்னாண்டோ ரோட்னி 42. 2018 சிஎஸ்கேயை டாடீஸ் ஆர்மின்னு சொன்னோமே அதே மாதிரி. நடுவுல ஹுவான் சோட்டோன்னு 20 வயசு டொமினிக்கன் பையன், எந்த பெரிய பிட்ச்சரை பாத்தாலும் மிரளாத பையன்.

செப்டம்பர் 3, மெட்ஸ் வந்திருந்தாங்க. ஒன்பதாவது இன்னிங்ஸ் முதல் பாதியில மெட்ஸ் அஞ்சு ரன் போட்டு 10-4. அன்னைக்கு நான் வீட்ல, நோட்ல எழுதிட்டு இருந்தேன். வீட்டம்மா லைட்டை அணைங்கன்னு சொல்றா. டர்னர் டபுள், 10-5. ரெண்டோன், 10-6. ஸிம்மர்மேன் ஒரு டபுள், ரெண்டு பேர் உள்ள, 10-8. கர்ட் சுஸுகி, 35 வயசு கேட்ச்சர், எட்வின் டியாஸோட பந்தை இடது பக்க ஸ்டாண்டுக்குள்ள அனுப்பிட்டார், மூணு ரன், 11-10, மேட்ச் முடிஞ்சுது. ஒரே அரை இன்னிங்ஸ்ல ஏழு ரன். என் நோட்ல அந்த பத்தி மட்டும் பென்சில் கரியால முழுக்க கறுப்பா இருக்கும். பெரியவர் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு மெசேஜ் அனுப்பினார், சுறா படம் மட்டும்.

பிளேஆஃப்ல நடந்ததை சுருக்கமாவே சொல்றேன், ஏன்னா ஒவ்வொண்ணும் தனி போஸ்ட். அக்டோபர் 1 வைல்ட் கார்டு, ஒரே மேட்ச், தோத்தா வீட்டுக்கு. மில்வாக்கி கூட 3-1 கீழ, எட்டாவது இன்னிங்ஸ், எதிர்ல ஜாஷ் ஹேடர், அந்த சமயத்துல அவர் பந்தை தொடவே பயப்படுவாங்க. ரெண்டு அவுட், மூணு பேஸ்லயும் ஆள், சோட்டோ ரைட் ஃபீல்டுக்கு ஒரு சிங்கிள், ஃபீல்டர் அதை கோட்டை விட மூணு பேரும் உள்ள வந்துட்டாங்க, 4-3. அடுத்து 106 மேட்ச் ஜெயிச்ச டாட்ஜர்ஸ். அஞ்சாவது மேட்ச் லாஸ் ஏஞ்சல்ஸ்ல, எட்டாவது இன்னிங்ஸ்ல 3-1 கீழ, அவங்க ஸ்டார் பிட்ச்சர் கெர்ஷா போட்ட அடுத்தடுத்த ரெண்டு பந்துல ரெண்டோன் ஒரு ஹோமர் சோட்டோ ஒரு ஹோமர், 3-3, பத்தாவதுல கென்ட்ரிக் கிராண்ட் ஸ்லாம், மூணு பேஸ்லயும் ஆள் இருக்கும்போது ஹோமர், நாலு ரன். நம்ம பக்கம் மணி பன்னண்டு தாண்டியாச்சு, சத்தம் போடாம சோபா குஷனை கடிச்சுக்கிட்டு குதிச்சேன். அடுத்து அதே செயின்ட் லூயிஸ், 2012-ல அழ வச்சவங்க, நாலுக்கு நாலு ஜெயிச்சாச்சு. ஹட்ஸன் அந்த சீரிஸ் முதல் மேட்சுக்கு வரல, மகள் பிறந்திருந்தா, மூணாவது பொண்ணு. பிளேஆஃப் நேரத்துல போலாமான்னு சிலர் கேட்டாங்க, போகணும், அதுல கேள்வியே இல்லைங்கறது என் எண்ணம். பட்டம் வாங்கின மேடையில மார்ட்டினஸ் சொன்னார், மேடும் பள்ளமுமான ரோடுதான் பல நேரம் அழகான இடத்துக்கு கூட்டிட்டு போகும்னு. செப்டம்பர் நடுவுல நெஞ்சு வலின்னு மேட்ச் பாதியில ஆஸ்பத்திரிக்கு போய் இதயத்துல ட்யூப் விட்டு பாத்துட்டு வந்த மனுஷன் அவர்.

வேர்ல்ட் சீரிஸ், ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ், 107 வெற்றி. ஹூஸ்டன்ல முதல் ரெண்டு மேட்சும் நம்ம ஜெயிச்சோம், அதுவும் மே மாசத்துல இருந்து தோக்காத கெரிட் கோலை அடிச்சு. வீட்டுக்கு வந்து மூணு மேட்ச், மூணும் தோத்தோம், 4-1, 8-1, 7-1. அஞ்சாவது மேட்ச் காலையில ஷெர்சருக்கு கழுத்து பிடிச்சுக்கிச்சு. படுக்கையில இருந்து எழுந்திரிக்க முடியாம உருண்டு கீழ விழுந்து எந்திரிச்சாராம், சட்டை போட்டு விட மனைவி உதவி பண்ணாங்களாம், அவரே பேட்டில சொன்னார். அன்னைக்கு ஆட முடியல.

ஆறாவது மேட்ச் ஹூஸ்டன்ல, தோத்தா முடிஞ்சுது. 2012-ல ஆட விடாம நிறுத்தி வச்ச அதே ஸ்ட்ராஸ்பர்க், எட்டரை இன்னிங்ஸுக்கு கொஞ்சம் கம்மி, ரெண்டே ரன். முதல் இன்னிங்ஸ்ல என்ன பந்து வரப்போகுதுன்னு அவர் கை பிடிப்புலயே எதிராளிக்கு தெரியுதுன்னு கோச் கண்டுபிடிச்சு சொல்ல, அதுக்கப்புறம் ஒவ்வொரு பந்துக்கும் கிளவ்வை ஆட்டி மறைச்சுக்கிட்டே போட்டார். ஏழாவது இன்னிங்ஸ்ல டர்னர் ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஓடும்போது கோட்டுக்கு வெளிய ஓடினார்னு அவுட் குடுத்துட்டாங்க, அநியாயம்னு நான் இன்னைக்கும் சொல்வேன். அந்த கலவரம் அடங்குறதுக்குள்ள ரெண்டோன் ஒரு ஹோமர் அடிச்சு வாயை மூடிட்டார், அதுக்கப்புறமும் மார்ட்டினஸ் கத்தின கத்துல அவரையே வெளிய அனுப்பிட்டாங்க. 7-2.

அக்டோபர் 30, ஏழாவது மேட்ச். ஆட்டம் ஹூஸ்டன்ல, ஆனா நேஷனல்ஸ் பார்க்கை திறந்து விட்டு பெரிய ஸ்க்ரீன்ல போட்டாங்க. மழை. பெரியவர் தன் வண்டியில என்னை கூட்டிட்டு போனார். பாப்பாவையும் வீட்டம்மாவையும் விட்டுட்டு போனேன், மறுநாள் ஸ்கூல். காலி கிரவுண்டு, கீழ யாரும் ஆடல, சுத்தி சீட்ல பிளாஸ்டிக் ரெயின்கோட் போட்டுக்கிட்டு ஆயிரக்கணக்கான பேர் ஸ்க்ரீனை பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஸ்கோர் நோட்டு, மேல ஒரு குடை, பேப்பர் நனையாம குனிஞ்சு குனிஞ்சு எழுதிட்டு இருந்தோம்.

ஷெர்சர் வந்தார். கழுத்துல ஊசி போட்டுக்கிட்டு மூணாவது நாள். ஒரு இன்னிங்ஸ் கூட சுலபமா போகல, ஏழு ஹிட், நாலு வாக் (நாலு பந்து தப்பா போட்டா பேட்டருக்கு சும்மா கிடைக்கிற பேஸ்), எப்பவும் பேஸ்ல ஆள், ஆனா அஞ்சு இன்னிங்ஸ்ல ரெண்டே ரன்தான் விட்டார். எதிர்ல ஸாக் கிரெய்ன்கி, ஆறு இன்னிங்ஸ்ல ஒரே ஒரு ஹிட்தான் குடுத்திருந்தார். என் நோட்ல எங்க பக்கம் வெள்ளையா கிடக்கு. பக்கத்து சீட்ல ஒரு அம்மா ஜெபமாலை உருட்டுறாங்க.

ஏழாவது இன்னிங்ஸ், ஒரு அவுட். ரெண்டோன் லெஃப்ட்ல தூக்கினார், ஹோமர், 2-1. சோட்டோவுக்கு வாக். ஹூஸ்டன் மேனேஜர் கிரெய்ன்கியை எடுத்துட்டார், 80 பந்துதான் போட்டிருந்தார் அவர். கெரிட் கோல் அங்க உடம்பை சூடு பண்ணிட்டு இருக்கார், அவரை கூப்பிடல, வில் ஹாரிஸை கூப்பிட்டார். அந்த முடிவை அங்க இன்னமும் பேசிட்டு இருப்பாங்க. ஹாரிஸ் மேல தப்பே இல்ல, கென்ட்ரிக்குக்கு போட்ட ரெண்டாவது பந்து அருமையான பந்து, கீழ, வெளிய, மூலையில, கட்டர். அதை யாரும் ஹோமர் அடிக்க முடியாது. கென்ட்ரிக் கைய நீட்டி பந்தை ரைட் ஃபீல்டு ஓரமா தள்ளினார். பந்து கோட்டை ஒட்டியே போகுது, வெளிய போயிரும்னு நினைச்சேன், வளைஞ்சு வளைஞ்சு போய் அந்த மஞ்ச கம்பத்துல இருக்கிற வலையில டணார்னு பட்டுச்சு. அந்த கம்பத்துக்கு பேரு ஃபவுல் போல், ஆனா அதுல பட்டா ஃபவுல் இல்ல, ஹோமர். ரெண்டு இன்ச் அந்தப் பக்கம் போயிருந்தா வெறும் ஸ்ட்ரைக். ஸ்பீக்கர்ல அந்த டணார் சத்தம் கேட்டுச்சு, ஒரு நொடி மொத்த கூட்டமும் மூச்சு விடல, அம்பயர் கைய சுத்தினதும்… என்னால எழுத முடியல. பெரியவர் குடையை விட்டுட்டார். ரெண்டு பேர் நோட்டும் நனைஞ்சுது. 3-2.

ஆறாவதுலயே ஷெர்சருக்கு பதிலா வந்த பேட்ரிக் கார்பின் எட்டாவது வரைக்கும் மூணு இன்னிங்ஸ் ரன்னே விடல. எட்டாவதுல சோட்டோ ஒரு ரன், ஒன்பதாவதுல ஈட்டன் ரெண்டு ரன், 6-2. ஒன்பதாவதுக்கு ஹட்ஸன். முதல் அவுட். ரெண்டாவது அவுட், ஸ்ட்ரைக் அவுட்.

பெரியவர் எழுதுறதை நிறுத்திட்டார். 1971-ல ரெண்டு அவுட்டோட நின்ன அட்டையை பத்தி நான் நினைச்சேன், அவரும் அதைத்தான் நினைச்சிருப்பார், கேக்கல. மைக்கேல் பிராண்ட்லி ஆடுறார், கணக்கு முழுசா ஏறிடுச்சு, மூணு பால் ரெண்டு ஸ்ட்ரைக். ஹட்ஸன் ஸ்லைடர் போட்டார். பிராண்ட்லி வீசினார், காத்துல போச்சு. ஹட்ஸன் கிளவ்வை கழட்டி டக்கவுட் பக்கம் தூக்கி எறிஞ்சுட்டு நின்னார். ஏழு மேட்ச், ஏழையும் வெளியூர் டீமே ஜெயிச்ச சீரிஸ், அதுக்கு முன்னாடி அப்படி நடந்ததே இல்ல. வாஷிங்டனுக்கு 1924-க்கு அப்புறம் முதல் கப்.

சுத்தி எல்லாரும் கட்டிப் பிடிச்சு அழுதுட்டு இருக்காங்க, முன்ன பின்ன தெரியாதவங்க என் தலையில தண்ணியை ஊத்துறாங்க. பெரியவர் மட்டும் உக்காந்தே இருந்தார். ஈர நோட்டை முட்டி மேல வச்சு, சட்டையை இழுத்து பேப்பரை ஒத்தி எடுத்துட்டு, பென்சிலை நக்கிக்கிட்டு என்னை பாத்து கேட்டார்.

"வீசினான்தானே?"

"வீசினான். நேர் கேதான்."

மூணாவது கட்டத்துல எழுதினார்.